ஆறு வருடமாக கியூஎமுவில் ஒரு பழைய எக்ஸ்பி

டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் உள்ள ஒரு சிறிய தமிழ்ப் பள்ளிக்கு நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். காவடிப் பாட்டுப் புத்தகம், புரட்டாசி பூசை நிகழ்ச்சி நிரல், பிள்ளைகளுக்கான பாடத்தாள் என்று அங்கே அச்சுக்குப் போவதெல்லாம் ஒரே பழைய மெஷினில்தான் தயாராகும். விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் கோக்கிற பேஜ்மேக்கர், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு, அப்புறம் யூஎஸ்பி டாங்கிள் சொருகினால் மட்டும் திறக்கிற ஒரு தமிழ் விசைப்பலகை மென்பொருள். 2019-இல் அந்த மெஷினின் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது. அந்தப் பக்கங்களையெல்லாம் கோத்த ஓய்வுபெற்ற ஆசிரியர், எங்கள் எல்லாருக்கும் தாத்தா, அதைப் பழைய துண்டில் சுற்றி என் கையில் கொடுத்து, "தம்பி, இதுல பதினெட்டு வருஷ வேலை இருக்கு" என்றார்.

யூனிகோடுக்கு மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். எழுத்தை மாற்றலாம், மாற்றிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் பக்க அமைப்பு கலைந்துவிடுகிறது. அதனால் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, டெபியன் 10 என்ற லினக்ஸில், கியூஎமுவுக்குள் ஏற்றினேன். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை மென்பொருளாலேயே உருவாக்கி ஓட்டுவதுதான் கியூஎமு. வேறு சிப்செட்டில் பழகிய எக்ஸ்பி முதலில் நீலத்திரை காட்டியது. நிறுவல் சிடியைப் போட்டு ரிப்பேர் செய்ததும் எழுந்துவிட்டது. அந்தக் கதை அவ்வளவுதான். இந்த ஆறு வருடத்தில் என் நேரம் முழுக்கப் போனது சாதனங்களில்.

கியூஎமு சும்மா ஓடவிட்டால் ஒரு வீடியோ கார்டு, ஒரு நெட்வொர்க் கார்டு, ஒரு சிடி டிரைவ் என்று தானாகவே கொடுத்துவிடும். ஆரம்பத்தில் அது வசதியாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் நான் கட்டளையின் நடுவில் ஒரு சவுண்ட் கார்டைச் சேர்த்தேன். பின்னால் இருந்தவை எல்லாம் ஒரு பிசிஐ ஸ்லாட் (கார்டு சொருகும் இடம்) தள்ளிப் போயின. எக்ஸ்பியின் பார்வையில் ஸ்லாட் மாறினால் அது வேறு கார்டு. "புதிய வன்பொருள் கிடைத்தது" என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகள். அன்றிலிருந்து தானாக வருவது எதையும் வாங்குவதில்லை. 'நோடிஃபால்ட்ஸ்' என்ற விருப்பத்தைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சாதனத்தையும் தனி வரியில், ஐடியோடும் ஸ்லாட் எண்ணோடும் எழுதுகிறேன். நெட்வொர்க் கார்டு ஆர்டிஎல்8139, ஏனென்றால் எக்ஸ்பியிடமே அதற்கு டிரைவர் இருக்கிறது. நெட்வொர்க்கில் கார்டை அடையாளம் காட்டும் மேக் முகவரியையும் நானே எழுதிவிடுவேன். எழுதாவிட்டால் முதல் கார்டுக்கு எப்போதும் 52:54:00:12:34:56 என்றுதான் வரும். இதே டிஸ்க் நகலை இன்னொரு மெஷினில் ஓடவிட்டு, இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்தபோது ஒன்று மாற்றி ஒன்று இணைப்பை இழந்தது. காரணம் தெரிய எனக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் ஆனது.

யூஎஸ்பிதான் பெரிய பாடம். டாங்கிளை நான் பஸ் எண், முகவரி எண் கொடுத்து இணைத்திருந்தேன். 2020 தைப்பூசத்துக்கு முந்தின வாரம், மேசை துடைத்த யாரோ டாங்கிளைப் பிடுங்கித் திரும்பச் சொருகியிருக்கிறார்கள். முகவரி 5 என்பது 6 ஆகிவிட்டது. பேஜ்மேக்கர் திறக்கிறது, தமிழ் விழவில்லை. தாத்தா சேதமான டிஸ்க் என்றே நினைத்துவிட்டார், பேச்சே இல்லை. நான் கியூஎமுவின் 'மானிட்டர்' என்ற கட்டளைச் சாளரத்துக்குப் போய் 'இன்ஃபோ யூஎஸ்பிஹோஸ்ட்' அடித்துப் பார்த்தபோதுதான் எண் மாறியது தெரிந்தது. பழையதை 'டிவைஸ்-டெல்' கொடுத்து எடுத்துவிட்டு, 'டிவைஸ்-ஆட்' கொடுத்து, இந்த முறை தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் சொல்லிச் சேர்த்தேன். எக்ஸ்பியை அணைக்கவே இல்லை. டாங்கிள் சேர்ந்த அந்தச் சின்ன மணிச்சத்தம் கேட்டதும் தாத்தா 'முருகா' என்ற சொல்லைத்தான் முதலில் அடித்துப் பார்த்தார். விழுந்தது.

தயாரிப்பாளர் எண், பொருள் எண்ணால் இணைத்தால் இன்னொரு நன்மை: கழற்றிச் சொருகினாலும் கியூஎமு தானே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் ஒரே மாதிரி இரண்டு டாங்கிள் இருந்தால் இது குழப்பும். வேறொரு சபையிலிருந்து இரண்டாவது டாங்கிள் வந்தபோது, பஸ் எண்ணோடு போர்ட் எண்ணைக் கொடுத்து, எந்தத் துளையில் எது என்று கட்டிப்போட்டேன். சிபியூ பெட்டியின் பின்னால் அந்தத் துளைக்கு மேல் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது. லினக்ஸ் பக்கம் சாதாரணப் பயனருக்கு யூஎஸ்பி சாதனத்தில் எழுத அனுமதி இருக்காது, அந்த அனுமதியைக் கொடுக்க ஒரு யூடெவ் விதி (லினக்ஸின் சாதன விதி) எழுத வேண்டும். இதை மறந்துவிட்டு ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, ஓட்டுகிறவர்கள் உண்டு, வேண்டாம்.

ஸ்கேனரை டாங்கிள் இருந்த அதே யூஎச்சிஐ என்ற யூஎஸ்பி கன்ட்ரோலரில் சேர்த்திருந்தேன். அது யூஎஸ்பி 1.1, நொடிக்கு 12 மெகாபிட். பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றை ஸ்கேன் செய்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு தேநீர் குடித்துவிடலாம். சரி, அதைவிட வேகமான இஎச்சிஐ கன்ட்ரோலர் ஒன்றைச் சேர்த்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். ஸ்கேனர் பறந்தது. டாங்கிள் ஏறவில்லை, வேகம் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தது. டாங்கிள் மெதுவான சாதனம், இஎச்சிஐ அதிவேகச் சாதனத்தை மட்டுமே ஏற்கும். இரண்டையும் பிரித்தேன்: ஸ்கேனர் இஎச்சிஐயில், டாங்கிள் யூஎச்சிஐயில். எல்லா வேகத்தையும் ஏற்கும் எக்ஸ்எச்சிஐ போடலாமே என்றால், எக்ஸ்பிக்கு அதற்கு டிரைவர் கிடையாது. மவுஸுக்கு 'யூஎஸ்பி டேப்லெட்' என்ற சாதனத்தைப் போடுங்கள். அதற்கு முன் சுட்டி ஒரு பக்கம், தாத்தாவின் கை ஒரு பக்கம் என்று இருந்தது.

எல்லாவற்றையும் ஓடும்போதே கழற்றிப் பூட்ட முடியாது. ஐடிஇ பஸ்ஸில் டிஸ்க்கைச் சேர்க்க முயன்றால் மறுத்துவிடும். கியூ35 என்ற மெஷின் வகையில் (கியூஎமு காட்டும் கம்ப்யூட்டர் மாதிரிகளில் ஒன்று) மூல பிசிஐஇ பஸ்ஸும் அப்படித்தான், சொருகுவதற்கென முன்கூட்டியே ரூட் போர்ட் வைத்திருக்க வேண்டும். பிசிஐ கார்டை எடுக்கச் சொன்னாலும் அது ஒரு வேண்டுகோள்தான், உள்ளே இருக்கும் ஓஎஸ் சம்மதித்தால்தான் கழலும்.

2023-இல் நாள் தவறாமல் மின்வெட்டு இருந்த காலத்தில், யூபிஎஸ் சத்தம் கேட்டதும் எக்ஸ்பியை ஒழுங்காக அணைக்கிற ஒரு பட்டனைத் தாத்தாவுக்கு வைத்துக் கொடுத்தேன். ஏசிபிஐ பவர் பட்டனை அழுத்துகிற கட்டளைதான் அது. டிஸ்க் இதுவரை கெடவில்லை.

அதே வருடம் டெபியன் 12-க்கு மாறினேன். இந்தச் சாதன வரிகளோடு கியூஎமுவைத் தொடங்குகிற என் ஸ்கிரிப்ட் ஓடவே மறுத்தது. சவுண்டுக்கு மட்டும் நான் விட்டுவைத்திருந்த பழைய 'சவுண்ட்ஹெச்டபிள்யூ' விருப்பம் கியூஎமு 7.1 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஏசி97 சவுண்ட் கார்டை மற்ற சாதனங்களைப் போலத் தனி வரியில் எழுதிச் சரி செய்தேன். மெஷின் வகையை வெறும் 'பிசி' என்று விடாமல் கியூஎமு 3.1 என்று பதிப்போடு குறித்து வைத்திருந்ததால், எக்ஸ்பிக்கு வீடு மாறியதே தெரியவில்லை. வெறும் 'பிசி' என்றால் ஒவ்வொரு புதிய கியூஎமுவிலும் அது புதிய பதிப்பைக் குறிக்கும்.

கியூஎமு மெஷின்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் பற்றியும் கேட்கிறார்கள். சாதனங்களின் முகவரியை அதுவே ஒதுக்கி எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். நான்கைந்து மெஷின் வைத்திருப்பவருக்கு அதையே சொல்வேன். ஒரே மெஷின் என்றால் என் 31 வரி ஸ்கிரிப்ட் எனக்குப் பிடிக்கிறது. அதைத் திறந்தால் அந்தக் கம்ப்யூட்டர் முழுதும் கண்முன் இருக்கிறது. அச்சடித்த ஒரு பிரதி பள்ளியின் அலமாரியில், வரவுப் புத்தகத்தோடு இருக்கிறது.

பதிப்பிட்ட மெஷின் வகைகள் 3 வருடத்தில் வழக்கொழிந்தவையாக அறிவிக்கப்பட்டு, 6 வருடத்தில் நீக்கப்படும் என்பது கியூஎமுவின் இப்போதைய விதி. 3.1 வெளிவந்தது 2018 டிசம்பரில். அதனால் டிஸ்க்கின் நகல் ஒன்றை 7.2 மெஷின் வகையில், அதே ஸ்லாட் எண்களோடு ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டாங்கிள் ஏறுகிறது, ஸ்கேனர் வேலை செய்கிறது, சவுண்ட் மட்டும் இன்னும் பார்க்கவில்லை. புழக்கத்தில் இருக்கும் மெஷினை மாற்றுவது அடுத்த தைப்பூசப் புத்தகம் அச்சுக்குப் போன பிறகுதான். தாத்தாவிடம் சொல்லிவிட்டேன்.