வளவு வீட்டுக்கு எந்த மோஷன் சென்சார்?

காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீடு, நடுவில் வளவு (திறந்த முற்றம்) உள்ளது, முகப்பிலிருந்து அடுப்படி வரை 40 மீட்டர். ஆள் இருந்தால் விளக்கு எரியவும், பூட்டிய வீட்டைக் காக்கவும் மோஷன் சென்சார் தேவைப்பட்டது. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். பேட்டரி சென்சார் வைத்தால் செல் தீர்ந்ததுகூடத் தெரியாது. அதனால் வயர்தான் என்று முடிவு செய்தோம்.

முதலில் வாங்கியது மலிவான எச்.சி.எஸ்.ஆர். 501. இது பி.ஐ.ஆர். வகை, உடம்புச் சூட்டுக்கும் பின்னால் உள்ள சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஆள் நகர்வதைக் கண்டுபிடிக்கும். மார்கழியில் பிரமாதமாக வேலை செய்தது. சித்திரை வெயிலில் சுவரும் உடம்பும் ஒரே சூட்டுக்கு வந்ததும் தடுமாறியது. அதைவிடப் பெரிய குறை, அசையாத ஆளை அது காணாது. சாயங்காலம் அப்பத்தா பாயில் உட்கார்ந்து திருவாசகம் படிப்பார். பத்தாவது வரியில் விளக்கு அணைந்துவிடும். புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, "ஏப்பா, நான் இருக்கேன்ல" என்று கையை ஆட்டுவார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அந்த அறைக்கு இப்போது எல்.டி. 2410. 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார். மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதையே பிடித்துவிடும். விளக்கு அணைவதில்லை. ஆனால் ஃபேன், திரைச்சீலை ஆடினாலும் ஆள் என்று நினைக்கும். தூரத்தை 0.75 மீட்டர் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உணர்திறனைக் குறைத்துக் கூட்டலாம். பொறுமையாக ஒரு மாலை உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

பூட்டிய வீட்டுக் காவலுக்கு அலாரம் கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் பி.ஐ.ஆர்.தான் என் தேர்வு. இதற்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச், ஆள் நடமாட்டம் இல்லாதபோது சுற்றை மூடியே வைத்திருக்கும். ஆள் நடந்தாலும் சரி, யாராவது வயரை வெட்டினாலும் சரி, சுற்று திறந்து அலாரம் பேனலுக்குத் தெரிந்துவிடும். மலிவான மாடலில் இது கிடையாது.

கரண்ட் கொடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ரேடாருக்கு வேண்டிய 5 வோல்ட்டை முகப்பிலிருந்தே அனுப்பாதீர்கள். கேட் 5 கேபிளின் (நெட்வொர்க் வயர்) ஒரு ஜோடியில் போக வர 80 மீட்டர் செம்புக்கு சுமார் 7 ஓம் தடை. ரேடார் ஒன்றுக்கு 80 மில்லியாம்பியர். மூன்றைக் கடைசியில் மாட்டினால் 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட்டாக அனுப்பி, ரேடாருக்குப் பக்கத்தில் வோல்ட்டைக் குறைக்கும் ஒரு பக் கன்வெர்ட்டர் வைத்து 5 ஆக்குங்கள். முகப்பில் 7 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரியும் சார்ஜரும் இருந்தால், ஐந்து அலாரம் சென்சார்கள் மின்வெட்டில் இரண்டு நாள் தாராளமாக ஓடும்.

சுண்ணாம்புப் பூச்சைக் கொத்த மனம் வரவில்லை. கேபிளைத் தேக்கு உத்தரத்தின் மேல்பக்கமாகவே கொண்டுபோனோம். கீழே நின்று பார்த்தால் தெரியாது. திறந்த வளவில் மட்டும் எதையும் மாட்டவில்லை. வெயில், மழை, புறா மூன்றும் அங்கேதான் இறங்குகின்றன. அதைச் சுற்றியுள்ள வாசல்களில் வாசலுக்கொன்றாக, வளவைப் பார்க்காமல் உள்ளறையைப் பார்க்கும்படி வைத்தோம்.