போட் எஞ்சின் சாமான் கடை, முல்லைத்தீவு

2018 மார்கழி வெள்ளத்தில சனத்தை ஏத்த என்ர போட்டும் போனது. அதுக்குப் பிறகு எஞ்சின் சாமானில நான் மலிவு பாக்கிறேல்லை.

போன கிழமை 15 குதிரைவலு எஞ்சினுக்கு வோட்டர் பம்ப் இம்பெல்லர், எஞ்சினைக் குளிராக்கத் தண்ணி இழுக்கிற ரப்பர் சில்லு, கேட்டன். பெடியன் ரெண்டு எடுத்து வைச்சான். மலிஞ்சதின்ர ரப்பர் இதழ் மடிச்சால் நிமிர மாட்டன் எண்டுது. அது பிழைச்சால் தண்ணி ஏறாது, எஞ்சின் சூடாகி நடுவெள்ளத்தில நிண்டிடும். ஒரிஜினலையே எடுத்தன். பழசைக் கொண்டாங்கோ அண்ணை எண்டு, பாட் நம்பரை ஒத்துப் பாத்துத்தான் தந்தான். கெட்டிக்காரன்.

பில்தான் பிழை. கேட்டு வாங்கினாலும் அதில பாட் நம்பர் எழுதேல்லை. மீட்பு ஹெலிகொப்டரில ஒரு பாகம் எத்தனை மணித்தியாலம் பறந்தது எண்டதுக்கே பதிவு வைச்சிருப்பினம்; இங்க துண்டுக் கடுதாசி! ஸ்பார்க் பிளக் விலை பரவாயில்லை.