மெத்ஸா, டெக்கா, என்.வி.கியூவா: மண்டூர்த் தகப்பன் ஒருவரின் கணக்கு

ஓ.எல் (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) முடிவு வந்த அன்று எங்கள் வீட்டில் சந்தோசம் அரை மணித்தியாலம்தான் நின்றது. மகனுக்குக் கணிதம் பி, விஞ்ஞானம் பி, ஆங்கிலம் சி. மச்சான் உடனே போன் எடுத்து, "மெத்ஸ்ல போடு, எஞ்சினியர் ஆக்கலாம்" என்றார். மனைவி அடுப்படியிலிருந்து, "ரியூசன் முடிஞ்சு ராவில எப்படி இஞ்சால வாற?" என்றாள். இரண்டு கிழமை கண்டவரிடமெல்லாம் கேட்டுத் திரிந்துவிட்டு, ஏ.எல்லுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தரத்துக்கு, டெக் எனப்படும் தொழினுட்பப் பிரிவில் சேர்த்தோம். நாலு வருடம் தாண்டிவிட்டது. ஆகவே இதை எழுதுகிறவன் நடுவர் இல்லை, ஒரு பக்கம் சாய்ந்தவன். பயோ, கொமர்ஸ், ஆர்ட்ஸ் பற்றி எழுதப் போவதில்லை. என் வீட்டில் அவற்றைப் படித்தவர் யாரும் இல்லை.

என்.வி.கியூவை, அதாவது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழியை, முதலில் முடித்துவிடுகிறேன். அது குறைந்த வழி என்று நினைத்தவன்தான் நானும். அக்காவின் மகன் தொழில்நுட்பக் கல்லூரியில் ஏசி, பிரிட்ஜ் திருத்தும் பயிற்சியில் நான்காம் மட்டம் முடித்து, இருபது வயதில் வீட்டுக்குக் காசு கொடுத்தான். மட்டங்கள் ஏழு. நான்கு கைத்தொழிலாளருக்கானது, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். ஓ.எல் சரிவராத பிள்ளைக்கும் 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில் பாடசாலைக்குள்ளேயே இந்தப் பக்கம் திரும்ப வழி இருக்கிறது. ஆனால் ஏ.எல் போகத் தகுதி உள்ள பிள்ளையை நேரே அங்கே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதில் சாதிப் பெருமை போல ஒரு படிப்புப் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

மெத்ஸ் பெரிய வாசல். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் நல்ல புள்ளி வந்தால் பொறியியல், கணினி, நில அளவை என்று பல பக்கம் போகலாம். டெக்கில் அந்தப் பரப்பு இல்லை. பொறியியல் தொழினுட்பம், உயிர்முறைமைகள் தொழினுட்பம், தகவல் தொழினுட்பம் என்ற வட்டத்துக்குள்தான் சுற்ற வேண்டும். அந்தப் பட்டமும் எஞ்சினியர் பட்டம் இல்லை. மச்சான் இன்றைக்கும் இதைச் சொல்லிக் காட்டுவார். அவர் சொல்வது சரிதான்.

மாவட்டக் கோட்டா இருக்கிறதே என்பார்கள். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பவை. ஆனால் கோட்டா மாவட்டத்துக்குத்தான், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரைக்கு இல்லை. என் மகன் போட்டி போட வேண்டியது கொழும்புப் பிள்ளையோடு அல்ல, டவுனில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மூன்று ரியூசன் போகிற பிள்ளையோடு. அந்தப் பிள்ளை வகுப்பு முடிந்து சைக்கிளில் வீடு போய்விடும். நம்முடையது களுவாஞ்சிகுடியில் பஸ் இறங்கி, குருமண்வெளித் துறைக்கு வந்து, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து வர வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் காத்துக் கிடக்க வேண்டும்.

இதெல்லாம் சமாளிக்கலாம் என்று வையுங்கள். நான் இரண்டு கிழமையும் போட்டு உருட்டிய கணக்கு வேறு: சறுக்கினால் கையில் என்ன மிஞ்சும்?

ஏ.எல் மூன்று தடவை எழுதலாம். மெத்ஸ் எடுத்த பிள்ளை முதல் தடவை மூன்று எஸ், அதாவது ஆகக் குறைந்த சித்தி, எடுக்கும். "சித்திதானே, இன்னொருக்கா எழுது" என்போம். இரண்டாம் தடவை இரண்டு சி, ஒரு எஸ். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி இன்னும் கொஞ்சம் எட்டவில்லை. "இவ்வளவு வந்துட்டு விடுறதா?" என்று மூன்றாவது தடவை. அதற்குள் வயது இருபத்தொன்று, இருபத்திரண்டு. தெரிந்தது வகையிடல், தொகையிடல், சேதன இரசாயனம். அறிவு வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து அந்த மாதம் ஒரு ரூபாய் உழைக்க முடியாது, ரியூசன் கொடுத்தால் தவிர. எங்கள் ஒழுங்கையில் மட்டும் இப்படி இரண்டு பேர்.

டெக்கிலும் சறுக்கலாம், நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஆனால் பொறியியல் தொழினுட்பவியல் பாடத்தில் கட்டடம், மின், இலத்திரனியல், இயந்திரம் எல்லாவற்றிலும் அடிப்படை வருகிறது, செய்முறைப் பரீட்சையும் உண்டு. இரண்டாவது வருடம் மகன் வீட்டு மின்பலகையைத் திறந்து, எந்த பிரேக்கர் எதற்கென்று துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டினான். அன்றைக்கே என் பயம் பாதி போனது. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வெறும் கையோடு போகமாட்டான். எங்காவது வேலை பழகி, மதிப்பீட்டுக்குத் தோற்றி என்.வி.கியூ எடுக்கவும் வழி இருக்கிறது. ஏறும்போது மெத்ஸ் உயரம்தான். இறங்க வேண்டி வந்தால் டெக்கில் படி இருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். பாடசாலையில் அந்தப் பாட ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், ஒரு தவணை முழுக்க ஆள் இல்லை. கடைசல் இயந்திரம் ஒன்று பொலித்தீன் சுற்றியபடியே நின்றது, பிள்ளைகள் அதைப் படம் பார்த்துத்தான் படித்தார்கள். சேர்க்குமுன் ஆய்வுகூடக் கதவைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

மூன்றாம் பாடமாக மகன் ஐ.சி.டி (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) எடுத்தது நல்லதாய்ப் போயிற்று. இப்போது ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத் தொழினுட்ப பீடத்தில் முதலாம் வருடம். விரிவுரை ஆங்கிலத்தில். ஓ.எல்லில் வந்த அந்த ஒரு சி அவனை இப்போதுதான் வாட்டுகிறது. பட்டம் முடிந்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, அந்த இடத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை.

பிந்தித்தான் விளங்கியது, இதற்கான அடையாளம் ஒன்பதாம் வகுப்பிலேயே தெரிந்தது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்ப் நின்ற ஒரு நாள், நான் மெக்கானிக்கைத் தேடிப் போய்த் திரும்பி வர, பொடியன் பிளக்கைக் கழற்றி அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். "கரி புடிச்சிருக்கப்பா" என்றான். நான் கையைத் தட்டிவிட்டு, போய்ப் படி என்று ஏசினேன். ஆறிலிருந்து ஒன்பது வரை செய்முறைத் தொழினுட்பத் திறன் என்றொரு பாடம் இருக்கிறது. அந்தக் கொப்பியை நான் ஒரு நாளும் விரித்துப் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்புக்குத் தொகுதிப் பாடம், அதாவது விருப்பப் பாடம், தெரிவு செய்தபோதும், ஏ எடுக்க லேசு என்று சொன்னதைப் போட்டுவிட்டோம்.

இப்போது மகள் ஒன்பதில். கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், படங்கள் சுத்தமாக இருந்தன, ஆனால் அவளுக்குப் பம்ப் பக்கம் எட்டிப் பார்க்கவும் விருப்பமில்லை. தொகுதிப் பாடப் படிவத்தில் நாடகமும் அரங்கியலும் என்று தானே எழுதி வைத்திருக்கிறாள். தொழினுட்பப் பாடங்கள் வருகிற மூன்றாம் தொகுதிக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.