பிஎஸ்ஏ எம்20-ஆ, மேட்ச்லெஸ் ஜி3/எல்-ஆ?

இரண்டும் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள்கள்.

இன்ஜின்: எம்20 – 496 சிசி சைடு வால்வு (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில்), 13 குதிரைத்திறன். ஜி3/எல் – 347 சிசி ஓவர்ஹெட் வால்வு (வால்வுகள் சிலிண்டருக்கு மேலே), 16 குதிரைத்திறன்.

முன் ஃபோர்க்: எம்20-இல் கர்டர் (ஸ்பிரிங் வைத்த இரும்புச் சட்டம்). ஜி3/எல்-இல் 1941 முதல் ஹைட்ராலிக் டெலிஸ்கோப்பிக் (ஆயில் உள்ள, குழாய்க்குள் குழாய் நகரும் வகை). கரடுமுரடான பாதையில் வித்தியாசம் கைகளிலேயே தெரியும். ஆனால் ஆயில் சீல் தேய்ந்தால் ஒழுகும். பின்சக்கரத்துக்கு இரண்டிலும் சஸ்பென்ஷன் கிடையாது.

பராமரிப்பு: எம்20-இல் ராக்கர், புஷ்ராடு (மேலே உள்ள வால்வைத் திறக்கும் நெம்புகோலும் தண்டும்) இல்லை; ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) கழற்றுவது சுலபம். எக்ஸாஸ்ட் வால்வு சிலிண்டரை ஒட்டியிருப்பதால் சூடேறும், டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரம்) தாமதமாக வைத்தால் இன்னும் மோசம். ஜி3/எல்-இல் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

உதிரிபாகம்: இதற்கு எத்தனை வண்டிகள் தயாராயின என்பது முக்கியம். சுமார் 1,26,000 எம்20 தயாரானது; ஜி3 வகை ஏறத்தாழ 80,000.

வீட்டிலேயே பழுதுபார்த்து நிதானமாக ஓட்ட எம்20. நெடுந்தூரம், மண்பாதை என்றால் தயங்காமல் ஜி3/எல்.