வேலைவாய்ப்புச் சேவையும் என் திரைவாசிப்பானும்: சில ஆண்டு அனுபவம்

எனக்குப் பார்வை இல்லை. கணினியில் என்விடிஏ, கைபேசியில் டாக்பேக் என்று திரைவாசிப்பான்கள் படித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் எல்லா வேலையும் செய்கிறேன். அரசு வேலைவாய்ப்புச் சேவையின் இணையதளத்தைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன், அலுவலகத்துக்கும் போய் வருகிறேன். என் கடவுச்சொல்லை இன்னொருவரிடம் கொடுக்காமல் நானே காரியத்தை முடிக்க முடிகிறதா? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இந்தச் சேவையை எடைபோடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய தளத்தில் படிவக் கட்டங்களுக்குப் பெயரே இல்லை. டேப் விசையைத் தட்டத் தட்ட, "எடிட், எடிட்" என்று மட்டும் காதில் விழும். எது பிறந்த தேதி, எது பதிவு எண் என்று ஊகிக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு கட்டமும் தன் பெயரைச் சொல்கிறது. பிழை இருந்தால் வெறுமனே சிவப்பாக மாறாமல், என்ன பிழை என்று எழுத்திலும் வருகிறது. கல்வி விவரம் முழுவதையும் நானே நிரப்ப முடிந்தது. இந்த மாற்றத்துக்குப் பெரிய செலவும் ஆகாது.

ஆனால் அந்தப் படிவத்துக்குப் போக, உள்ளே வருவது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சாவை முதலில் தாண்ட வேண்டும். அது வளைந்த எழுத்துகள் கொண்ட படம், திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க ஒன்றுமில்லை. அப்புறம் ஒலி வடிவம் சேர்த்தார்கள். எனக்கு ஒருவாறு சமாளிக்க முடிகிறது. பார்வையோடு செவித்திறனும் இல்லாதவர் என்ன செய்வார்? உள்நுழைய இப்படிப் புதிர் விடுவிப்பதையே ஒரே வழியாக வைக்கக் கூடாது என்று 2023-இல் வந்த, மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்த வழிசொல்லும் சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டுதல் 2.2 சொல்கிறது. கைபேசிக்கு வரும் ஓடிபியை நகலெடுத்து ஒட்ட விட்டாலே போதும்.

நேரக்கெடுவும் அப்படித்தான். கேட்டுக் கேட்டு நிரப்ப எனக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். பாதியில் தளம் சொல்லாமல் வெளியே தள்ளிவிடும். முன்கூட்டியே எச்சரித்து, ஒரு விசையைத் தட்டி நேரத்தை நீட்டிக்கக் குறைந்தது 20 நொடி தர வேண்டும் என்பது அதே வழிகாட்டுதலின் பழைய பதிப்புகளிலேயே இருக்கிறது.

எனக்கு அதிகம் வலிப்பது வேலை அறிவிப்புகள். கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றுகிறார்கள். திறந்தால் திரைவாசிப்பானுக்கு அது வெற்றுப் பக்கம். படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருளைப் போட்டால் அட்டவணை கலைந்து, ஒரு பணியின் தகுதி இன்னொன்றின் கடைசித் தேதியோடு ஒட்டிக்கொள்கிறது. மூலக்கோப்பு அவர்களிடமே இருக்கிறது, அதையும் கூடவே ஏற்றினால் போதும்.

அலுவலகத்தில் சாய்தளம் நன்றாக இருக்கிறது. டோக்கன் எண் திரையில் மட்டும் வந்த காலத்தில் எனக்குத் தெரியாது. பிறகு குரலில் மட்டும் அழைத்தார்கள், காது கேளாத நண்பர் தன் முறையைத் தவறவிட்டார். இரண்டும் சேர்ந்து வேண்டும். இன்னொன்று, கூட வந்தவரிடம் "இவர் என்ன படிச்சிருக்கார்?" என்று கேட்காமல் என்னிடமே கேளுங்கள்.

இதெல்லாம் சலுகை கேட்பதல்ல. வேலைவாய்ப்புச் சேவை மாற்றுத்திறனாளிகளின் தேவையைப் போதுமான அளவில் நிறைவேற்ற வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 88-ஆம் உடன்படிக்கை 1948-லேயே சொல்லிவிட்டது. 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, வேலை தேடித்தரும் சேவைகளை எங்களுக்கும் உரிமையாக்குகிறது.

பதிவுப் படிவம் இன்னமும் குறைபாட்டின் சதவீதத்தைத்தான் கேட்கிறது. நேர்காணலுக்கு என்ன வசதி வேண்டும் என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. ஓர் அலுவலர் மட்டும் நான் சொன்னதைக் கேட்டு, நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதத்தில் "திரைவாசிப்பான் உள்ள கணினி தேவை" என்று தானாகவே சேர்த்தார். அந்தத் தேர்வை நானே எழுதினேன். அவர் கையால் எழுதிய வரி எல்லாருடைய படிவத்திலும் ஒரு கட்டமாக வர வேண்டும். அதைத்தான் தளத்தின் கருத்துப் பெட்டியில் இப்போது எழுதி அனுப்பியிருக்கிறேன்.