45 சீரிஸ் டயரா? சிங்காநல்லூர் கடையில் நம்பி மாட்டலாம்

என் காரில் 17 இன்ச் அலாய், 225/45 டயர். பக்கச்சுவர் உயரம் டயர் அகலத்தில் 45 சதவீதம், அதாவது சுமார் பத்து சென்டிமீட்டர்தான். அந்த விறைப்பான சுவர் லேசில் வளையாது. ரிம்மில் ஏற்றுவதற்குள் பெரும்பாடு. முன்பு வேறொரு கடையில் இரும்புப் பட்டையை விட்டு நெம்பியே ஏற்றினார்கள். இரண்டு ரிம்மில் விளிம்போரம் பெயின்ட் உரிந்துபோனது. ஒரு டயரில் பீடு (ரிம்மில் உட்காரும் உள்விளிம்பு) கிழிந்து, அடிக்கடி காத்து இறங்கிக்கொண்டே இருந்தது. புது டயர் அது. இன்னும் வயிறு எரிகிறது.

இந்தத் தடவை கோவை சிங்காநல்லூரில், திருச்சி ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் சின்னக் கடைக்குப் போனேன். டயரை அமுக்கிப் பிடிக்கும் ஹெல்பர் ஆர்ம் வைத்த மெஷின் இருக்கிறது. மெஷினின் இரும்புத் தலைக்கும் ரிம்மைப் பிடிக்கும் தாடைகளுக்கும் பிளாஸ்டிக் உறை போட்ட பிறகுதான் ரிம்மைத் தொட்டார்கள். பீடு சுற்றிலும் பேஸ்ட் தாராளமாகத் தடவினார்கள். முக்கால் வட்டம் சுலபமாக ஏறியது. கடைசிக் கொஞ்சம்தான் முரண்டு பிடித்தது. வேலை செய்த அண்ணன் உடனே மெஷினை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் சுற்றி, எதிர்ப்பக்கத்தை ஆர்மால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கினார்.

“அந்தப் பக்கம் பள்ளத்துல எறங்குனாத்தானுங்க இந்தப் பக்கம் எடம் கெடைக்கும். பலத்தைக் காட்டுனா பீடு கிழிஞ்சு போயிரும்ங்க சார்” என்றார். அடுத்த சுற்றில் டயர் தானாக உள்ளே போய்விட்டது.

காத்து பிடிக்கும்போதும் அதே நிதானம். வால்வு ஊசியைக் கழற்றிவிட்டுக் காத்தை விட்டார். ஒரு டயரில் பீடு ஒரு பக்கம் உட்காரவில்லை. 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றாமல், காத்தை இறக்கி, மறுபடி பேஸ்ட் தடவி ஏற்றினார். ‘டப் டப்’ என்று உட்கார்ந்தது. ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததை எடுத்தார். அந்தக் கோட்டைப் பார்க்கும் ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

டயரின் வெளிப்பக்கத்தைக் காட்டும் ‘அவுட்சைட்’ எழுத்து நான்கிலும் வெளியே இருக்கிறது. பேலன்சிங்குக்கு ஒட்டும் எடைதான், ரிம் விளிம்பில் அடிக்கும் கிளிப் கிடையாது. போல்ட்டுகளைக் கடைசியில், சரியான அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முறுக்கினார்கள். பைபாஸில் வேகமாகப் போனாலும் ஸ்டீயரிங்கில் துளி ஆட்டம் இல்லை.

கூலி மற்ற கடைகளைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஆர்ம் வைத்த மெஷின் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போனால் வெயிலில் நிற்க வேண்டியதுதான், உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. வீல் அலைன்மென்ட்டும் இங்கே கிடையாது, அதற்குத் தனியாக வேறு கடைக்கு அலைய வேண்டும். வாரநாள் காலையில், போன் செய்து மெஷின் காலியா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.