பட்டாளத்து மெக்கானிக் ஊர் திரும்பினால்: டி.எஸ்.சி.யா, அரசு வேலையா, கம்பெனியா, சொந்த ஷெட்டா?

போன மாதம் ஒரே நாளில் மாமனும் மருமகனும் என் ஷெட்டுக்கு வந்தார்கள். மாமன் ராணுவ வண்டி, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் 17 வருடம் வெஹிகிள் மெக்கானிக். ஹவில்தாராக வெளியே வரப்போகிறார், வயது 38. அவர் அக்கா மகன் அக்னிவீர் டெக்னிக்கல். நாலு வருடம் முடியப்போகிறது, வயது 22. டீ வருவதற்குள் மாமன் கேட்டுவிட்டார்: "வெளிய வந்தா எதைப் பிடிக்கறதுண்ணா?"

வேலூர் பக்கம் இது புதுக் கேள்வி இல்லை. லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று அதில் பொறித்திருக்கும். கணியம்பாடியை ஒட்டிய கம்மவான்பேட்டையில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆள்சேர்ப்புக்கு எப்படி ஓடுவது, மெடிக்கலில் எங்கே தட்டிவிடுவார்கள் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் திரும்பி வருகிற மெக்கானிக்குக் கிடைக்கிற யோசனை ஒன்றே ஒன்றுதான்: "ஏதாவது செக்யூரிட்டி வேலை பாருப்பா."

நானும் இ.எம்.இ. ஆள்தான். அதனால் டி.எஸ்.சி. என்கிற ராணுவக் காவல் படை, அரசு வேலை, கம்பெனி, சொந்த ஷெட் என்று நாலு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எனக்கு எது பிடிக்கும் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலில் ரிசர்வ் பற்றி. பழைய முறையில் சேர்ந்தவர்களுக்குப் பணிக்காலம் முடிந்த பிறகு 2 வருடம் ரிசர்வ் பொறுப்பு உண்டு. கூப்பிட்டால் போக வேண்டும், அவ்வளவுதான். வெளியில் வேலை பார்க்க அது தடை இல்லை. இதையும் டெரிடோரியல் ஆர்மியையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். டி.ஏ. என்பது வேறு வேலையில் இருப்பவர்களுக்கான பகுதிநேரப் படை. 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கிவைத்தவர் ராஜாஜி. 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் வந்தபோது அதன் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ அழைக்க ராணுவத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்தார்கள். கௌரவமான விஷயம்தான். ஆனால் அழைப்பு வந்தால் சம்பளம், வராவிட்டால் வருடாந்தரப் பயிற்சி முகாமோடு சரி. ஆள்சேர்ப்பும் பெரும்பாலும் ஜெனரல் டியூட்டிக்குத்தான். ஸ்பேனர் பிடித்த கைக்கு இதைப் பிழைப்பாகக் கணக்கில் சேர்க்க முடியாது.

டி.எஸ்.சி.

டிஃபன்ஸ் செக்யூரிட்டி கோர், கண்ணூரில் சென்டர். மறுபடி யூனிஃபார்ம், மறுபடி மெஸ், வேண்டிய வருடங்கள் போட்டால் இரண்டாவது பென்ஷன். மகளுக்குக் கல்யாணம், வீட்டுக் கடன் என்று மாதாமாதம் நிச்சயமான பணம் தேவைப்படுகிறவர் யோசிக்காமல் போகலாம். ஆனால் அது காவல் பணி. அஞ்சு வருடம் கேட்டில் நின்றுவிட்டு வந்தவர் கையில் டார்க் ரெஞ்சைக் கொடுத்துப் பாருங்கள், புரியும். தொழில் போய்விடும். மாமனுக்கு இது வேண்டாம் என்றேன்.

அரசு வேலை

இங்கேதான் நான் சூடு பட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மத்திய அரசின் குரூப் சி பதவிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீதம். பொதுத்துறை நிறுவனங்களில் அதே நிலைக்கு 14.5 சதவீதம். வயதைப் பற்றிப் பயப்படவே வேண்டாம். படையில் இருந்த வருடங்களை வயதிலிருந்து கழித்து, அதற்கு மேலும் 3 வருடம் சலுகை தருவார்கள். 38-ல் 17 போனால் 21. காகிதத்தில் மாமன் இன்னும் வாலிபர். கமிஷன் அதிகாரிக்குக் கீழே இருக்கிற எல்லா ரேங்குக்கும், மறுவேலையில் சம்பளம் நிர்ணயிக்கும்போது பென்ஷனைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். இரண்டும் முழுசாக வரும்.

பிறகு எங்கே சிக்கல்? நான் வெளியே வந்ததும் முதலில் கிடைத்த வேலையில் உட்கார்ந்தேன். ஒரு அலுவலகம், ஃபைல் தள்ளுகிற வேலை, கோட்டாவில்தான். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ராணுவப் பட்டறையில் சிவிலியன் வெஹிகிள் மெக்கானிக் பதவிக்கு அறிவிப்பு வந்தது. எனக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்தது. விண்ணப்பிக்கப் போனால், கோட்டா ஏற்கெனவே பயன்படுத்தியாகிவிட்டது என்றார்கள். ஒரு முறை அந்தச் சலுகையில் சிவில் பதவியில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டால், அடுத்த வேலைக்கு முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு கிடையாது. இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சேர்வதற்கு முன்பே வேறு பதவிகளுக்கு விண்ணப்பித்திருந்தால், சேர்ந்தவுடன் அந்தப் பட்டியலைத் தேதியோடு எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் அந்த விண்ணப்பங்களுக்கு மட்டும் சலுகை நிற்கும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அஞ்சு வருடம் ஃபைல் தள்ளிவிட்டு எழுதிக் கொடுத்து வந்தேன்.

இன்னொரு வலையும் இருக்கிறது. 15 வருடம் முடித்த, பத்தாவது மட்டும் படித்த ஆளுக்குக் கிடைக்கிற பட்டதாரிச் சமச் சான்றிதழைப் பெரிய வரப்பிரசாதம் என்பார்கள். வரப்பிரசாதம்தான், ஆனால் தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமாகத் தேவைப்படாத குரூப் சி பதவிகளுக்குத்தான் அது செல்லும். அதாவது அந்தக் காகிதம் உங்களை மேஜைக்கு இழுத்துப்போகும், பட்டறைக்கு அல்ல. பட்டறைக் கதவைத் திறப்பது டிரேடு சான்றிதழ். நம் டிரேடு ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக்குச் சமம்தானே என்று வாயால் சொன்னால் எடுபடாது. அறிவிப்பில் அதையும் ஏற்போம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதவில்லை என்றால், மத்தியப் பயிற்சித் துறை (டி.ஜி.டி.) நடத்துகிற அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேசியத் தொழிற்சான்றிதழ் (என்.டி.சி.) வாங்கிவிடுவது உத்தமம். கையில் 17 வருட வேலை இருக்கிறவருக்குச் செய்முறைத் தேர்வு ஒரு விஷயமே இல்லை. எழுத்துத் தேர்வுக்குத்தான் ராத்திரி உட்கார வேண்டியிருக்கும்.

எங்கெங்கே பார்க்கலாம்? பெங்களூர் 515 ஆர்மி பேஸ் ஒர்க்‌ஷாப், ஆவடி டேங்க் பாக்டரி, ராணிப்பேட்டை பி.எச்.இ.எல். மூன்றும் வேலூரிலிருந்து ரயில் தூரம், பஸ் தூரம்தான். பொறுமை மட்டும் வேண்டும். ஆவடியில் இப்போது ஒப்பந்த அடிப்படையிலும் ஆள் எடுக்கிறார்கள், அறிவிப்பை முழுசாகப் படியுங்கள். மாநிலப் போக்குவரத்துக் கழகம் நம் ஊரில் எல்லோருக்கும் பழகிய பெயர். பட்டுக்கோட்டை அழகிரி என்ற பெயரில் வேலூரே தலைமையிடமாக இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது விழுப்புரம் கோட்டத்தில் ஒரு மண்டலம். டிப்போவில் தொழில்நுட்ப ஆள் எடுப்பது அபூர்வம். அதை நம்பி உட்கார வேண்டாம்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்கிற புது லாரி எல்லாம் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வருபவை. பட்டாளத்தில் நாங்கள் உருட்டியது பெரும்பாலும் ஸ்டாலியன், அந்த 2.5 டன் டாடா, அதற்கு முன்னால் சக்திமான். டீசலில் காற்று புகுந்தால் ஃபில்டர் மேலே இருக்கிற ப்ளீடிங் ஸ்குரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அடித்து, குமிழி நின்று சுத்த டீசல் வரும்வரை காத்திருந்து இறுக்குவோம். இருட்டில், கையுறை போட்டபடி, லே பனியில்கூடச் செய்திருக்கிறோம். அந்தக் கை இன்றைக்கும் பயன்படும், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் பாருங்கள், அவர்கள் வந்திருந்த அன்றே பைபாஸிலிருந்து ஒரு பி.எஸ். 6 லாரி வந்தது. செக் லைட் எரிகிறது, வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை. மாமன் பழக்க தோஷத்தில் நேராக டீசல் ஃபில்டரைத் தொட்டார். நான் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினேன். அதில் வந்த கோளாறு எண் புகையைச் சுத்தம் செய்கிற யூரியா சிஸ்டத்தைக் காட்டியது. சைலன்சர் பக்கம் யூரியா தெளிக்கிற நாசிலைக் கழற்றினால், வாயைச் சுற்றிக் கல்லுப்பு மாதிரி வெள்ளையாகக் கெட்டித்திருந்தது. வெந்நீரில் போட்டால் கரைந்துவிடும், கம்பி விட்டுக் குத்தக் கூடாது. கழுவி மாட்டி, அந்தக் கோளாறு எண்ணை அழித்து, வண்டியை ஒரு நடை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பவர் திரும்பியது. மாமன் ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகன்தான் ஸ்கேனர் திரையைக் கீழே இருந்து மேலே வரை படித்துக்கொண்டிருந்தான்.

கம்பெனி வேலையின் லாபம் இதுதான். டீசலை உயர் அழுத்தத்தில் செலுத்துகிற காமன் ரெயில், எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈ.சி.யு., யூரியா எல்லாவற்றையும் அவர்கள் செலவிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். நஷ்டம், ஹவில்தாராக இருந்தவர் 25 வயது சூப்பர்வைசரிடம் ஜாப் கார்டு வாங்கி வேலை பார்க்க வேண்டும். பட்டாளத்தில் வண்டி வி.ஓ.ஆர். ஆகிவிட்டால், அதாவது ஓடாமல் நின்றுவிட்டால், எப்போது ரோட்டுக்கு வரும் என்பதுதான் கேள்வி. இங்கே ஒரு வேலைக்கு எத்தனை மணி நேரம் பில் போடலாம் என்பது கேள்வி. 40 வயதில் இது உறுத்தும், 22-ல் உறுத்தாது. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் போட்டார்கள், 9,000 கோடி ரூபாய் முதலீடு. ராணிப்பேட்டை பக்கத்துச் சின்னப் பையன்கள் கண் வைக்க வேண்டிய இடம் அது.

சொந்த ஷெட்

என் கட்சி இதுதான், ஆனால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். பட்டாளத்தில் எங்கே வேலை பார்த்தார் என்று முதலில் கேட்பேன். பேஸ் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர் ஒரு எஞ்சினை நட்டு நட்டாகப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர், ஆனால் அந்த எஞ்சினோடு சரி. அவருக்கு அரசுப் பட்டறை பொருந்தும். யூனிட்டோடு ஒட்டிய எல்.ஏ.டி. என்ற சின்னப் பழுதுபார்ப்புக் குழுவில் இருந்தவருக்கு ஜிப்ஸியிலிருந்து ஜெனரேட்டர் வரை எல்லாம் அரைகுறையாகவாவது தெரியும். சாமான் இல்லாமல் சமாளிக்கவும் தெரியும். ஷெட்டுக்கு அவர்தான் ஆள். ரெகவரி மெக்கானிக்காக இருந்தவர் கதையே வேறு. பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் ராத்திரி கவிழ்கிற லாரியைத் தூக்க விஞ்ச் போடத் தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரு ரெகவரி வண்டி இருந்தால் அவர் யாரிடமும் வேலை கேட்க வேண்டியதில்லை.

மூலதனத்துக்கு வழி இருக்கிறது. மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. என்ற சுயதொழில் கடன் திட்டத்தில் முன்னாள் படைவீரர் சிறப்புப் பிரிவில் வருவார். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம், சொந்தப் பணம் 5 சதவீதம், மானியம் கிராமத்தில் 35, நகரத்தில் 25 சதவீதம். கணியம்பாடி பக்கமே போட்டால் அந்த 10 சதவீத வித்தியாசத்தில் ஒரு நல்ல ஸ்கேனரே வந்துவிடும். மாநில அரசு 2024 சுதந்திர தினத்தன்று அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் 1 கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் படிவத்திலிருந்து ஆரம்பிப்பார்கள்.

ஆனால் கடன் என்பது கடன். முதல் ஒன்றரை வருடம் என் ஷெட் வாடகையைக் கட்டியது பென்ஷன்தான், லாரி இல்லை. பாக்கி வைக்கிற லாரி ஓனரிடம் கறாராகப் பேச எந்தச் சென்டரிலும் பயிற்சி கிடையாது. அதையும் சேர்த்து யோசியுங்கள்.

மருமகனுக்கு

அவனுக்கு நான் சொன்னது முற்றிலும் வேறு. அக்னிவீரில் 25 சதவீதம் வரைதான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு சேவா நிதி என்ற ஒட்டுமொத்தத் தொகை, வட்டியோடு சுமார் 11.71 லட்சம். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் அந்தஸ்தும் கிடையாது. அதனால் மேலே சொன்ன 10 சதவீதமும் 14.5 சதவீதமும் மாமனுக்குத்தான், இவனுக்கு இல்லை. இவனுக்கென்று துணை ராணுவப் படைகளில் தனி ஒதுக்கீடும் வயதுச் சலுகையும் இருக்கிறது. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையான ஐ.டி.பி.பி.யில் மோட்டார் மெக்கானிக் என்றே தனியாக ஆள் எடுப்பார்கள், டிரேடு விட்டுப் போகாது. அது கிடைக்காவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டர், மூணு நாலு வருடம். ஷெட் இப்போது வேண்டவே வேண்டாம். அந்த 11 லட்சம்தான் அவனுக்கு பென்ஷன், பி.எஃப்., எல்லாம். அதைப் போட்டு ஷெட் வைத்து முதல் வருடத்திலேயே பாக்கியில் மாட்டினால், மாமனுக்கு இருக்கிற மாதிரி மாதம் முதல் தேதி காப்பாற்ற எதுவும் வராது. வீட்டில் ஷெட் பேச்சு ஏற்கெனவே தொடங்கிவிட்டதாம். அக்காவிடம் நானே பேசுகிறேன் என்றேன்.

மாமனுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. கடைசி ஒரு வருடத்துக்குள் இருப்பவர் வேலைக்கு இப்போதே விண்ணப்பிக்கலாம். வெளியேறுவதற்கு முந்தைய மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும்போது கம்ப்யூட்டர் டைப்பிங்கை எடுக்காமல் வண்டி எலெக்ட்ரானிக்ஸ் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். எந்த வண்டி, எந்த வேலை, எந்த வருடம் என்று யூனிட் தலைப்பில் ஓர் அனுபவச் சான்றிதழும் வாங்கி வரச் சொன்னேன். 'நடத்தை மிக நன்று' என்ற ஒரு வரி பட்டறை இண்டர்வியூவில் செல்லுபடியாகாது.

அவர் எல்லாவற்றையும் ஜாப் கார்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பையன் எதையும் எழுதவில்லை. கிளம்பும்போது என் பழைய ஸ்கேனரை லீவு முடிகிற வரைக்கும் கொடுப்பீர்களா என்று கேட்டான். கொடுக்கவில்லை. நாளைக் காலை எட்டரைக்கு ஷெட்டுக்கு வா என்றேன்.